கொழுந்தும் குருதியும்

நமுனுகுல மலைச்சரிவில், பசறைக்குச் செல்லும் பாதையை அண்டிய தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்திக்குச் சில மாதங்களாகக் கால்களில் வலுவில்லை. ஏற்றத்தில் நாலு நிரை எடுத்து முடிப்பதற்குள் முழங்கால் மடங்கிற்று. இரத்த அழுத்தத்துக்காகப் பல ஆண்டுகளாய் மாத்திரை உண்பவள் அவள். அவற்றுள் ஒன்று, உடலில் தேங்கும் நீரைச் சிறுநீராகக் கழியச் செய்யும் மாத்திரை. சிற்றூர் வைத்தியசாலையொன்றின் மருத்துவர் குருதிப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். குருதி எடுக்கப்பட்டது. ஒரு கிழமை கழித்து முடிவைப் பெற வந்தவளிடம், மேசைக்குப் பின்னால் இருந்தவர் கடதாசிக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூன்றே சொற்களில் விடை கூறினார்: "லே நரக் வெலா."

அவள் அறிந்த சிங்களம் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான சிங்களம். 'லே' என்றால் இரத்தம். 'நரக்' என்றால் கெட்டது. 'வெலா' என்றால் ஆகிவிட்டது. இரத்தம் கெட்டுப்போய்விட்டது என்று அவள் விளங்கிக்கொண்டாள்.

சொன்னவர் பிழையாகச் சொல்லவில்லை. குழாயில் அடைத்து நகரத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பிய குருதி வழியில் பழுதாகிவிட்டது, மறுபடியும் தரவேண்டும் என்பதே அவர் கருதிய பொருள். கேட்டவளும் பிழையாகக் கேட்கவில்லை. தமிழிலே சொல்லியிருந்தாலும் அவள் அவ்வாறே விளங்கியிருப்பாள். இருவருக்கும் இடையில் ஒரு வினா மட்டும் விடுபட்டுப்போயிற்று. எந்த இரத்தம்? உடம்பில் ஓடும் இரத்தமா, குழாயில் நின்ற இரத்தமா?

அன்றிரவு லயத்தில் அவளுக்கு உறக்கமில்லை. அடுத்த காம்பராக்காரி வந்து, "கெட்ட ரத்தம்னா என்னா அக்கா, புத்துநோயா?" என்று மெல்லக் கேட்டுவிட்டுப் போனாள். கொழும்பில் கடையொன்றில் நிற்கும் மகனுக்குச் செய்தி சொல்ல வேண்டாமென்று தடுத்துவிட்டு, மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். மறுபடியும் குருதி கொடுக்கப் போகவேண்டும் என்பதுகூட அவளுக்கு விளங்கியிருக்கவில்லை. கெட்டுப்போன இரத்தத்தை இன்னொரு தடவை குத்திப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்பதே அவளது எண்ணம்.

குழாயில் நிற்கும் குருதிக்கு என்னதான் நேர்கிறது? மனிதக் குருதியின் ஒரு கன மில்லிமீற்றரில், ஆடவருக்கு ஏறத்தாழ 50 இலட்சமும் பெண்டிருக்கு ஏறத்தாழ 45 இலட்சமும் செங்குருதிக் கலங்கள் உள்ளன. நடுவில் சற்றுப் பள்ளமான சின்னஞ்சிறு தட்டுகளை ஒத்த அவை ஒவ்வொன்றையும் மெல்லிய சவ்வொன்று போர்த்தியிருக்கின்றது. சவ்வுக்குள்ளே ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபின் என்னும் சிவந்த பொருளும், பொற்றாசியமும், பலவகை நொதியங்களும் அடைபட்டுக் கிடக்கின்றன. உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே அளவின அல்ல. வெளியேயுள்ள நீர்மத்தில் ஒரு லீற்றருக்கு 3.5 முதல் 5 மில்லிமூல் வரையே பொற்றாசியம் இருக்கும். கலத்தின் உள்ளேயோ அதைப் போல் இருபது மடங்குக்கும் மேல் இருக்கும். சில நொதியங்கள் உள்ளே நூறு மடங்குக்கும் அதிகமாக உள்ளன. இவ்வேற்றுமையைக் காத்துநிற்பது அச்சவ்வே.

சவ்வு கிழிந்தால் உள்ளே இருப்பவை வெளியே கொட்டுண்டுவிடும். பழுதற்ற குருதியை உறைய விட்டுச் சுழற்றிப் பார்த்தால், மேலே தெளிந்து நிற்கும் நீர்ப்பாயம் வைக்கோலின் வெளிர்மஞ்சள் நிறம் கொண்டிருக்கும். கலங்கள் சிதைந்த குருதியிலோ அது இளஞ்சிவப்பாகவும், சிதைவு மிகுந்தவிடத்துச் செம்பருத்திப் பூவின் நிறமாகவும் காணப்படும். நிறம் மாறியது மட்டுமாயின் இடரில்லை. சிந்திய பொற்றாசியம் கணக்கில் சேர்ந்துவிடுகின்றது; சிந்திய நொதியங்கள் ஈரலும் இதயமும் நோயுற்றாற் போன்ற தோற்றத்தைத் தருகின்றன; ஒளியைச் செலுத்தி நிறத்தின் செறிவைக்கொண்டு அளவிடும் கருவிகளின் கணக்கை ஈமோகுளோபினின் சிவப்பு குழப்பிவிடுகின்றது. கருவி பழுதடையவில்லை. அதற்குக் கொடுக்கப்பட்டதை அது நேர்மையாகவே அளந்து கூறுகின்றது. ஆனால் அது கூறுவது நோயாளியின் உடலைப் பற்றியன்று; குழாய்க்குள் நடந்த விபத்தைப் பற்றி.

இப்பழுது பெரும்பாலும் மனிதக் கைகளாலேயே நிகழ்கின்றது. நரம்புக்கு ஒவ்வாத மிக நுண்ணிய ஊசியைப் பயன்படுத்தல். ஊசிக்குழலின் தண்டை விசையோடு இழுத்தல். இழுத்த குருதியை ஊசியைக் கழற்றாமலே குழாய்க்குள் பீச்சியடித்தல். தோலில் தடவிய அற்ககோல் உலருமுன் குத்துதல். கையில் கட்டிய பட்டியை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கியே வைத்திருத்தல். மருந்து கலந்த குழாயை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துவதற்குப் பதிலாகக் குலுக்குதல் ஆகிய யாவும் கலங்களுக்கு ஊறு செய்வன. "கையை மூடுங்க, திறங்க, மூடுங்க" என்று பலமுறை சொல்வது நரம்பு புடைப்பதற்காகவே எனினும், கலமொன்றுகூடச் சிதையாமலே அச்செயல் பொற்றாசியத்தின் அளவைக் கூட்டிவிட வல்லது.

இன்னொரு வகைப் பிழையும் உண்டு. குருதிக் கலங்களை எண்ணுவதற்கான ஊதா மூடிக் குழாயில், குருதி உறையாதிருக்கப் பொற்றாசியம் சேர்ந்த உப்பொன்று இடப்பட்டிருக்கும். அக்குழாயில் தவறுதலாக ஊற்றிய குருதியிற் சிறிதை எடுத்து வேறு குழாயில் மாற்றிவிட்டால், பொற்றாசியம் வானளாவ உயரும்; கல்சியமோ அவ்வுப்பினாற் பிணிக்கப்பட்டுத் தாழ்ந்துபோகும். பார்வைக்கு நீர்ப்பாயம் மஞ்சளாகவே தெளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியும் பழுதைவிடக் கண்ணுக்குத் தெரியாத பழுது கொடியது.

எல்லாப் பரிசோதனையும் ஒரே விதமாகப் பாதிக்கப்படுவதில்லை என்பதும் அறியத்தக்கது. மலையகத்துப் பெண்களுக்கு அடிக்கடி செய்யப்படுவது ஈமோகுளோபின் பரிசோதனை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கருவுறாத பெண்ணுக்கு 100 மில்லிலீற்றர் குருதியில் 12 கிராமுக்குக் குறைந்தாலும், கருவுற்றவளுக்கு 11 கிராமுக்குக் குறைந்தாலும் அது குருதிச்சோகை. இவ்வளவீட்டின் முதற்படியே செங்குருதிக் கலங்களை வேண்டுமென்று உடைப்பதாகும். சாலி என்னும் சுவிற்சர்லாந்து மருத்துவரின் பழைய முறையில், 20 கன மில்லிமீற்றர் குருதியை ஐதான ஐதரோக்குளோரிக் அமிலத்தில் விட்டுக் கபில நிறமாக்கி, கண்ணாடிக் கோலின் நிறத்தோடு ஒத்துவரும் வரை துளித்துளியாக நீர் சேர்ப்பார்கள். ஆதலின் குழாயிற் சில கலங்கள் முன்னரே உடைந்துபோனாலும் ஈமோகுளோபினின் மொத்த அளவு பெரிதும் மாறாது. கலங்களின் எண்ணிக்கைதான் குறைந்து காட்டும். ஆனால் விரல்நுனியைக் குத்திவிட்டுக் குருதி வராதபோது அழுத்திப் பிழிந்தால், இழையத்து நீரும் கலந்து, உள்ளதைவிடக் குறைந்த அளவு வந்து சேரும். பழுது ஒன்றேயாயினும் அது எந்த வினாவுக்கு விடையைக் கெடுக்கிறது என்பதை அறிந்தவரே ஆய்வுகூடத்தில் நிற்கத் தகுந்தவர்.

ஊவா மாகாணத்தின் புவியியல் இச்சிக்கலுக்குத் தனியொரு வடிவம் கொடுத்திருக்கின்றது. பதுளை மாவட்டம் ஒரே மாவட்டமாயினும் அதனுள் இரு தட்பவெப்பங்கள் உள. அப்புத்தளை கடல்மட்டத்துக்கு மேல் 1400 மீற்றருக்கும் அதிகமான உயரத்திலும் பண்டாரவளை 1200 மீற்றர் அளவிலும் இருக்க, மாவட்டத்தின் வடகோடியில் மகியங்கனையும் கிராந்துருக்கோட்டேயும் வெப்பமிகுந்த தாழ்நிலத்திற் கிடக்கின்றன. குருதி குழாய்க்குள் சென்ற பின்னும் கலங்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவை குளுக்கோசை உண்டு, அதனாற் பெற்ற வலுவைக்கொண்டு பொற்றாசியத்தை உள்ளே இழுத்து வைத்திருக்கின்றன. குளிரில் அந்த உள்ளிழுக்கும் வேலை தளர்ந்துவிடும். அப்பொழுது சவ்வு கிழியாமலே, நிறம் மாறாமலே, பொற்றாசியம் வெளியே கசிந்துவிடும். மலைக்குளிரிலோ, கெடாதிருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு வைக்கப்பட்ட குளிர்பெட்டியிலோ மணிக்கணக்காகக் கிடந்த குழாய் இவ்விதமாகப் பொய் சொல்லும். பனிக்கட்டியின் மேல் நேரடியாகக் கிடத்திவிட்டால், உறைந்துருகிக் கலங்களே வெடித்துப்போகவும் கூடும்.

வெப்பத்தில் வேறு விதமான பொய் பிறக்கின்றது. பிரிக்கப்படாத குருதியில், சாதாரண அறை வெப்பத்திலேயே, மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குளுக்கோசு கலங்களால் உண்ணப்பட்டுக் குறையும்; வெப்பம் கூடக் கூட இது விரைவுபடும். காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் எடுத்த குருதியில் 140 மில்லிகிராம் சீனி இருந்ததாகக் கொள்வோம். நீரிழிவென்று முடிவுசெய்யும் எல்லை 126. அக்குழாய் வண்டி வரும்வரை ஓரிடத்திலும், வண்டியிற் சில மணி நேரமும், வரிசையிற் சிறிது நேரமும் கிடந்து நண்பகலில் அளவிடப்படுமாயின், 100ஐ அண்டிய எண்ணொன்று கடதாசியில் எழுதப்படலாம். நோயாளி நோயற்றவராக வீடு திரும்புவார். இதனைத் தடுக்கப் புளோரைட்டு உப்பிட்ட குழாய்கள் உள. எனினும் அவ்வுப்பும் முழுமையாகச் செயற்பட ஓரிரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும்.

கிராந்துருக்கோட்டே, காரணம் முற்றாகத் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவிய பிரதேசங்களுள் ஒன்று என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவரின் உடலிற் பொற்றாசியம் மெய்யாகவே உயர்ந்து இதயத்துடிப்பை நிறுத்திவிடக் கூடும். அத்தகையோருக்கு அவ்வெண் உயிரின் எண். மலைமேற் குளிரிலும் கீழே வெயிலிலும் ஒரே எண் இருவகையாகப் பொய்க்கும் மாவட்டத்தில், குழாய் எங்கே, எவ்வளவு நேரம், எப்படிக் கிடந்தது என்பது சிறுவிடயமன்று.

இத்தாலியின் பாதுவா நகரிலே பிளெபானி, கராரோ என்னும் இருவர் 1997 இல் வெளியிட்ட ஆய்வொன்று இத்துறையினர் யாவரும் அறிந்தது. அவசரப் பரிசோதனைகள் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவற்றை அவர்கள் நோக்கினர். கண்டுபிடித்த பிழைகளுள் 68 சதவீதமானவை குருதி கருவியைச் சென்றடையுமுன்னரே நிகழ்ந்தவை. கருவியில் அளவிடும்போது நிகழ்ந்தவை 13 சதவீதம் மாத்திரமே. பிழையின் பெரும்பகுதி விலையுயர்ந்த கருவி இருக்கும் அறையில் இல்லை. ஊசி பிடிக்கும் கையிலும், பெயர் எழுதும் பேனாவிலும், குழாயைத் தூக்கிச் செல்லும் பாதையிலும் இருக்கின்றது. பெரிய நகரொன்றின் வைத்தியசாலைக்குள்ளேயே நிலை இதுவானால், மலைப்பாதையில் நூறு வளைவு கடந்து வரும் குழாயின் நிலையை எடுத்துக்கூற வேண்டியதில்லை.

ஆய்வுகூடத்து மேசையில் நிற்பவரின் சங்கடமும் எண்ணிப் பார்க்கத்தக்கது. சுழற்றி எடுத்த குழாயில் நீர்ப்பாயம் சிவந்திருக்கின்றது. குழாயில் ஒட்டிய சீட்டில் தோட்டத்தின் பெயர் இருக்கின்றது. அந்தப் பெயருக்குரிய தூரத்தை அவர் அறிவார். அளந்து எண்ணை எழுதி அனுப்பிவிட்டால் யாரும் அவரைக் கேட்கப்போவதில்லை. நோயாளிக்கும் ஒரு நாள் மிச்சம். எழுத மறுத்தாலோ, ஏழை ஒருத்தியை மறுபடியும் மலையேறி இறங்கச் செய்த பழி அவருக்கு. இரக்கம் ஒரு பக்கமும் உண்மை ஒரு பக்கமும் இழுப்பது போலத் தோன்றும்.

ஆனால் இந்தப் பெண்ணின் காரியத்தில் இரக்கம் எந்தப் பக்கம் இருந்தது? நீரைக் கழியச் செய்யும் மாத்திரை, நீரோடு பொற்றாசியத்தையும் உடலிலிருந்து கொண்டுபோய்விடும். அவளது கால்கள் வலுவிழந்தமைக்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்பது மருத்துவரின் ஐயம். பொற்றாசியம் மிகவும் தாழ்ந்திருந்த குருதியிற் கலங்கள் சிதைந்து ஒன்றிரண்டு மில்லிமூல் கூடியிருந்தால், விடை 'சாதாரணம்' என்றே வந்திருக்கும். தாழ்ந்ததை உயர்ந்ததாகக் காட்டும் பொய்யைவிட, தாழ்ந்ததைச் சரியானதாகக் காட்டும் பொய் ஆபத்தானது. ஏனெனில் அதனை யாரும் மறுபடி சோதிக்க மாட்டார்கள். அதே மாத்திரையைத் தொடர்ந்து விழுங்கிக்கொண்டு அவள் மலைக்குப் போயிருப்பாள். அந்தக் குழாயை ஏற்க மறுத்தவர், அவளைப் பாராமலே, அவளுக்கு நன்மையே செய்தார். அவர் செய்தது முழுமையடையாமற் போனதற்குக் காரணம், ஏன் மறுத்தார் என்பதை அவளுக்குப் புரியும் மொழியில் எடுத்துச் சொல்ல ஒருவரும் அவ்வழியில் இல்லாமையே.

தோட்ட மக்களின் குருதி பற்றிய பேச்சு புதிதன்று. 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், தொழிலாளரின் மருத்துவ வசதிகள் தொடர்பான கடமைகளைத் தோட்ட உரிமையாளர் மேற் சுமத்திற்று. 1916 இல் ரொக்பெல்லர் மன்றத்தின் துணையோடு கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் ஆரம்பிக்கப்பட்டது. வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்சென்று, குடற்சுவரைக் கவ்விக் குருதியை உறிஞ்சும் அப்புழு, உழைப்பவரை வெளிறிய முகத்தினராயும் தளர்ந்த நடையினராயும் ஆக்கிற்று. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இதே புழு ஏழை மக்களைப் பீடித்தமை 1902 இல் வெளிப்பட்டபோது, பத்திரிகைகள் அதற்குச் 'சோம்பலின் கிருமி' என்று பெயரிட்டன. குருதியின் குறைவைக் குணத்தின் குறைவாகக் கொள்ளும் வழக்கம் அத்தனை பழையது. அத்தகைய வரலாற்றைப் பின்னாற் கொண்ட ஒரு மக்கட் கூட்டத்தில் ஒருத்தியிடம் "இரத்தம் கெட்டுவிட்டது" என்று சொன்னால், அவள் அதனை மறுத்துக் கேட்கமாட்டாள், நம்பிவிடுவாள்.

எனினும், குருதி எவ்வாறு கெட்டதென்று அவளுக்கு விளக்குவது எளிது. அவளுக்குத் தெரிந்த தொழிலிலேயே அதற்குரிய பாடம் இருக்கின்றது. கொழுந்தைக் கூடைக்குள் அமுக்கக் கூடாது என்பதைப் பத்து வயதுச் சிறுமிக்கும் தோட்டம் கற்பித்திருக்கின்றது. அமுக்கினால் இலை கசங்கும். கசங்கிய இலைக்குள் சூடேறும். சூடேறிய இலை தொழிற்சாலையைச் சேருமுன்னரே சிவந்துவிடும். இலையின் கலங்கள் உடைந்து, உள்ளிருக்கும் சாறும் நொதியமும் ஒன்றோடொன்று கலப்பதே அச்சிவப்புக்குக் காரணம். தொழிற்சாலையிலே வாட்டி, உருளையில் இட்டு அரைக்கும்போது, வேண்டுமென்றே செய்யப்படுவதும் அந்த உடைப்புத்தான். உரிய இடத்தில், உரிய நேரத்தில் உடைந்தால் அது தேயிலை. வழியில் உடைந்தால் அது பழுது. ஈமோகுளோபினுக்காக ஆய்வுகூடத்திற் கலத்தை உடைப்பதற்கும், மலைப்பாதையிற் கலம் உடைவதற்கும் உள்ள வேற்றுமையும் இதுவே.

கொழுந்தைக் காப்பதற்கு இந்த மலைநாடு செய்யாத ஏற்பாடில்லை. மடுவத்தில் நிறுத்தவுடன் லொறி வந்து நிற்கும். காற்றுப் புகும் பைகளில் இலை தளர்வாக இடப்படும். லொறி எந்த நேரத்தில் எந்த மலைக்குப் போகவேண்டும் என்பதற்குக் கணக்குண்டு. தம்பேதன்னையில் 1890 இல் லிப்டன் கட்டிய தொழிற்சாலையைப் போன்றவை தோட்டங்களுக்கு நடுவிலேயே எழுப்பப்பட்டமைக்கு ஒரு காரணம், பறித்த இலை நெடுந்தூரம் போகக் கூடாது என்பதே. தேயிலைப் பெட்டிகள் துறைமுகத்தை அடைவதற்காகவே பெரிதும் எண்ணப்பட்ட இரும்புப்பாதை, தெமோதரையில் மலையைச் சுற்றி வளைந்து 1924 இல் பதுளையை வந்தடைந்தது. ஆடி ஆவணிக் காலத்துக் காற்றில் விளையும் ஊவாத் தேயிலையின் மணம் உலகச் சந்தையிற் பேர் பெற்றதென்றால், இலையிலிருந்து கோப்பை வரை அதனைக் கசங்காமற் கொண்டுசென்ற ஒழுங்கும் அதற்கொரு காரணமாகும்.

அதே மலையில் எடுக்கப்படும் குருதிக்கு அத்தகைய ஒழுங்கு வாய்த்திருக்கின்றதா? வண்டி வரும் நேரம் ஆளைப் பொறுத்தது. குழாய்கள் நிமிர்ந்து நிற்கத் தாங்கி இருந்தால் நிற்கும். இல்லையேல் பெட்டிக்குள் உருண்டுகொண்டே வரும். எடுத்த அரைமணி நேரத்தில் உறைந்து, இரண்டு மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிரிக்கப்பட வேண்டிய குருதி, சுழற்றும் பொறி உள்ள இடத்தை அடையவே அந்த இரண்டு மணி நேரத்தைச் செலவிட்டுவிடுகின்றது. சிறிய மையநீக்கிப் பொறியொன்று பெருஞ்செலவுடையதன்று. குருதி எடுக்கும் இடத்திலேயே அதனை வைத்து, கலங்களையும் நீர்ப்பாயத்தையும் அங்கேயே பிரித்து அனுப்பினால், குளிரும் வெப்பமும் வளைவும் செய்யும் கேட்டிற் பெரும்பகுதி நீங்கிவிடும். ஊசி பிடிப்போருக்கு ஆண்டுக்கொரு முறை மீள்பயிற்சியும், குழாயின் மேல் எடுத்த நேரத்தை எழுதும் வழக்கமும், மறுக்கப்பட்ட குழாய்களின் காரணத்தைப் பதியும் ஏடொன்றும் அதைவிடச் செலவு குறைந்தவை.

பழுதான குழாய்க்கு விலை உண்டு. அதனை யார் செலுத்துகிறார் என்பதே வினா. 2021 இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாவாக விதிக்கப்பட்டது. 2024 இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாயிற்று. வைத்தியசாலைக்குப் போகும் நாளிற் பேர் விழாது. பாதி வேலைக்குத் திரும்பினால் அரைப்பேர். குருதி கொடுக்க ஒரு நாள், முடிவு கேட்க ஒரு நாள், முடிவு இல்லையென்று அறிந்து மறுபடி கொடுக்க ஒரு நாள், மறுபடி கேட்க ஒரு நாள். பஸ் கூலியும், வெறும் வயிற்றோடு நின்ற பின் கடையிற் குடிக்கும் தேநீரும் இக்கணக்கிற் சேரா. ஆய்வுகூடத்துக்கு நட்டம் ஒரு குழாய். அவளுக்கு நட்டம் நாலு பேர்.

அவள் மறுபடியும் போகவே மாட்டாள் என்றிருந்தவளைப் போகச் செய்தது தற்செயலே. மருந்து வாங்கச் சென்ற ஒரு நாளில், லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் பிறந்து வளர்ந்த இளந்தாதி ஒருத்தி, கோவையிற் கிடந்த மறுப்புச் சீட்டைக் கண்டு அவளைக் கூப்பிட்டாள்.

"என்னாங்கம்மா, ரத்தம் திருப்பிக் குடுக்க வரல்லியா?"

"கெட்டுப்போச்சுன்னு சொன்னாங்களே, மிஸ்ஸி. இனிமே என்னத்தக் குடுக்கிறது?"

தாதி சற்றுநேரம் பேசாதிருந்தாள். பின்னர் அவளை வாங்கில் அமர்த்தி, "ஒங்க ரத்தம் கெடல்லீங்கம்மா. கொண்டுபோன வழியில கசங்கிப்போச்சு. கூடையில அமுக்குன கொழுந்து மாதிரி" என்றாள்.

அந்தப் பெண் அவளை உற்றுப் பார்த்தாள். முப்பத்தைந்து ஆண்டுகளாகக் கொழுந்தெடுத்தவள் அவள். கசங்கிய இலைக்காக நிறுவையிற் கழிக்கப்பட்ட இறாத்தல்கள் எத்தனையோ அவளுக்கு நினைவிருந்தன. "அப்ப அது எடுத்தவங்க குத்தம்" என்றாள். கோபமாக அன்று, தொழில் தெரிந்தவள் தொழிலைப் பற்றிப் பேசும் குரலில். தாதியும் அதனை மறுக்கவில்லை.

அன்று பட்டி இறுக்கிய கை விரைவில் தளர்த்தப்பட்டது. ஊசி கழற்றப்பட்டு, குருதி குழாயின் சுவர் வழியே மெல்ல வழிந்திறங்கியது. நகரத்துக்குப் போகவிருந்த வண்டி புறப்படும் வேளையறிந்தே அது எடுக்கப்பட்டது. இரண்டாம் முறை வந்த முடிவில் பொற்றாசியம் 2.9 என்றிருந்தது. மாத்திரை மாற்றப்பட்டது. சில கிழமைகளில் ஏற்றத்து நிரையில் அவளது முழங்கால் மடங்குவது நின்றது.

மாரியம்மனுக்கு முடிந்து வைத்த காசை அவள் கொண்டுபோய்ச் செலுத்தினாள். அடுத்த காம்பராக்காரியிடம் அவள் கூறிய விளக்கம் லயம் முழுவதும் பரவி, இன்று அங்கே யாருடைய குருதியேனும் திருப்பி அனுப்பப்பட்டால், "கசங்கிப்போச்சாம்" என்றே சொல்கிறார்கள். 'கெட்டுப்போச்சு' என்னும் சொல்லை அவர்கள் விட்டுவிட்டார்கள். ஒரு சொல் மாறினால் அச்சம் குறையும். மறுநாள் மறுபடியும் கைநீட்டும் துணிவு வரும். குழாய்கள் கசங்காமற் போய்ச் சேரும் ஒழுங்கு பிறப்பதற்கு அச்சொல் மட்டும் போதாது. இலைக்கு வண்டி ஓட்டத் தெரிந்த மலைநாட்டுக்கு அந்த ஒழுங்கு அறியாததொன்றன்று. அதே அக்கறை, இலையைப் பறிக்கும் கையிலிருந்து எடுத்த ஒரு சிறு குழாய்க் குருதிக்கும் உரியதாக வேண்டும்.